நீலக் கொடியும் புக்கும் பேப்பரும்

எல்லையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாலையோரம் நிற்கும் யாராவது கையை நீட்டினால் வண்டியை ஓரங்கட்டிவிடுவோம். யார், எதற்கு என்று பார்ப்பதெல்லாம் இன்ஜினை அணைத்த பிறகுதான்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். எனக்கு வேலை கோயமுத்தூரில், ஒரு பம்புசெட் கம்பெனியின் கணக்குப் பிரிவில். இடையில் செக்போஸ்ட். காலையில் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்கும், சாயங்காலம் தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கும் பைக்கில் போய்வரும் என்னை இரண்டு மாநிலத்தாரும் நிறுத்தியிருக்கிறார்கள். கோழிக் காய்ச்சல் வந்தபோது டயருக்கு மருந்தடிக்க நிறுத்தினார்கள். கொரோனா வந்தபோது எனக்கே காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தினார்கள். தேர்தல் வந்தால் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்வார்கள். கை நீண்டால் நிற்பது, நின்றதும் பேப்பரை எடுப்பது என்பது மூச்சு விடுவதுபோல் எனக்குப் பழகிவிட்டது. ஒருமுறை லிஃப்ட் கேட்டுக் கை காட்டிய ஒரு பெரியவரிடம் இன்சூரன்ஸ் பேப்பரை நீட்டியிருக்கிறேன். (அவரும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் முடியுதுங்க அம்மிணி, மறக்காம கட்டிருங்க" என்றார். நல்ல மனுஷர்.)

இந்த வியாதியோடுதான் நான் மோட்டார் சைக்கிள் ரேஸுக்குப் போனேன்.

அதற்குக் காரணம் ரெஜி. என்னோடு வேலை பார்த்த, எங்கள் கேரளப் பக்கத்துச் சித்தூர்க்காரன், சனி ஞாயிறானால் ரேஸ் ட்ராக்கில் கிடப்பவன். ஒருநாள் ஆபீஸ் வாசலில் நான் வண்டியை வளைத்து நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, "கோகிலா, நீ நல்லா வளைக்கறல்லோ. ட்ராக்கில வந்து ஒண்ணு ஓட்டி நோக்கு" என்றான். வேறு யாராவது இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு இருபத்தாறு வயது. பொள்ளாச்சி ரோட்டில் வைக்கோல் லாரியை முந்துவதுதான் உலகத்திலேயே பெரிய வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக, அன்று ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க, பொட்டப்புள்ள ரேஸுக்குப் போறேங்கறா. நீங்க பாட்டுக்கு ரசம் ஊத்திக்கிட்டு இருக்கறீங்க."

அப்பாவுக்கு இக்கட்டான நிலைமை. அவரே ஒரு ரேஸ்காரர். பொள்ளாச்சியிலிருந்து எங்கள் பக்கம் வரை எங்கே ரேக்ளா நடந்தாலும் வண்டியும் காளைகளும் அங்கே இருக்கும். தென்னந்தோப்பில் காய் விழுந்ததோ இல்லையோ, காளைகளுக்குப் பருத்திக்கொட்டை விழுந்தாகவேண்டும். (எங்கள் வீட்டில் முட்டை வாங்கினால் முதலில் காளைக்கு, மிச்சம் இருந்தால் எனக்கு.) இப்படிப்பட்டவர் என்னைப் பார்த்து ரேஸ் கெட்ட பழக்கம் என்று எந்த வாயால் சொல்வார்? ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

"ரேஸுக்குப் போறது தப்பில்ல கண்ணு. ஆனா எறங்குனா கோட்டைத் தாண்டோணும். கடைசியா வந்தாலும் செரி, தாண்டிரோணும். பாதியில நின்னீன்னா வண்டியை வித்துப்போடுவேன். அப்பறம் நீ பஸ்ஸுதான்."

"செவலையை வித்தீங்களே, அந்த மாதிரிங்களாப்பா?"

"அந்த மாதிரியேதான்."

செவலை என்பது நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்களிடம் இருந்த காளை. ஒரு ரேக்ளாவில் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டது. அப்பா அதை வீட்டுக்குக் கூட்டிவந்து தண்ணி காட்டினார், அடுத்த சந்தைக்கே பொள்ளாச்சிக்கு ஓட்டிப்போய்விட்டார். அதனால் அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வண்டி என் சம்பளத்தில் வாங்கியது, என் பெயரில் இருப்பது, அதை அவர் எப்படி விற்பார் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் எது யார் பெயரில் இருந்தாலும் சாவி அப்பாவிடம்தான். வண்டி போனால் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், திரும்பி வர இருட்டிவிடும். இருட்டி வருகிறாள் என்றால் வேலையை விடச் சொல்வார்கள். வேலையை விட்டால் மறுநாளே ஜாதகத்தை வெளியே எடுப்பார்கள். நான் பயந்தது ரேஸில் தோற்பதற்கு அல்ல. அந்த வண்டி போனால் அதன் பின்னாலேயே என் வேலை, என் சாயங்காலம், என் விருப்பம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும். அதற்குத்தான் பயந்தேன். அதனால் ஜெயிக்கவேண்டும் என்ற எண்ணத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். நிற்காமல் ஓட்டினால் போதும். வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவது ஒரு பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். அப்பா வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"புக்கும் பேப்பரும் எடுத்துட்டயா?"

"எடுத்துட்டனுங்ப்பா."

எங்கள் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வோம். வண்டிப் புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் எல்லாம் அதில் அடக்கம். போனிலேயே எல்லாம் இருக்கிறது என்று அப்பாவுக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லையில் சிக்னல் எந்த மாநிலத்தையும் சேராது என்பது அவர் கட்சி. அதனால் விதைப் பாக்கெட் வந்த ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போவேன்.

ட்ராக் கோயமுத்தூருக்கு வெளியே இருந்தது. போனதும் ஒருவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சோதித்தார். கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார். நம்பர் பிளேட்டைக் கழற்றச் சொன்னார். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றின் மேலும் டேப்பை ஒட்டச் சொன்னார். விழுந்தால் கண்ணாடித் துண்டு ட்ராக்கில் சிதறக்கூடாதாம். நியாயம்தான். ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற நான் மனசுக்குள் அபராதத்தைக் கூட்டிக்கொண்டே வந்தேன். நம்பர் இல்லை, கண்ணாடி இல்லை, லைட் இல்லை. இத்தனை குற்றங்களை ஒரே வண்டியில் நான் பார்த்ததே இல்லை. கடைசியில் முன்பக்கம் பெரிதாக நாற்பத்தேழு என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எனக்கு அது ஜெயில் சட்டை நம்பர் மாதிரி தெரிந்தது.

உடை ரெஜியுடையது. தலையிலிருந்து கால்வரை ஒரே தோல் அங்கி. ரெஜி ஆறடி. நான் அவன் தோளுக்குக்கூட வரமாட்டேன். உள்ளே இறங்கி ஜிப்பை இழுத்தபோது முழங்கால் பட்டைகள் கணுக்காலில் இருந்தன. மாற்றும்போது கை தானாகவே இடுப்பிலிருந்த கவரை எடுத்து அங்கியின் உள்பையில் வைத்துவிட்டது. ட்ராக்கில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

பிறகு எல்லாப் புதியவர்களையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்தார்கள். கொடிகளைப் பற்றித்தான் பெரும்பகுதி. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார், உன் பாதையிலேயே போய்க்கொண்டு அவருக்கு வழி கொடு. வகுப்பு எடுத்தவர் திடீரென்று கேள்வி கேட்டார்.

"நீலக் கொடின்னா என்ன செய்யணும்?"

எல்லோரும் தலையைக் குனிந்தபோது நான்தான் கையைத் தூக்கினேன். "நிக்காம, லைன் மாறாம போய்க்கிட்டே வழி உடணுங்க சார்."

"கரெக்ட். எல்லாரும் கேட்டுக்கங்க, இவங்க சொன்னதுதான்."

அன்றைக்கு அந்த வகுப்பில் முதல் மாணவி நான். இதை இப்போது எழுதும்போதே காது சூடாகிறது.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். காளைகளை ரேக்ளாவுக்கு ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியில், வைக்கோல்கூடக் கூட்டாமல் வந்திருந்தார்கள். அம்மா கட்டுச்சோற்றுத் தூக்கோடு இறங்கி என் அங்கியைப் பிடித்துப் பார்த்தாள். "உள்ள இன்னொருத்தி உக்காரலாம்போல இருக்குதே" என்றாள். அப்பா நெற்றியில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, ட்ராக்கை ஒரு முழுச் சுற்றுப் பார்த்தார்.

"எங்கிருந்து உடறாங்க?"

"அந்தக் கோட்டுல இருந்துங்ப்பா."

"எங்க போயி முடியுது?"

"அதே கோட்டுலதானுங்ப்பா."

"பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குக் கண்ணு இத்தனை அவசரம்?" என்றார். ரேக்ளாவில் நேர்கோட்டில் ஒரே ஓட்டம்.

ரேஸ் சாயங்காலம். பச்சை விளக்கு எரிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே சத்தமாகக் கிளம்பின. நானும் கிளம்பினேன். முதல் வளைவில் எனக்கு முன்னால் ஒரு கூட்டம் இருந்தது. இரண்டாவது வளைவில் சிலர் இருந்தார்கள். அடுத்த சுற்றில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை. நான்தான் முதலில் போகிறேனோ என்று ஒரு கணம் நினைத்தேன். (சத்தியமாக நினைத்தேன். வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது.) கண்ணாடி இல்லாததால் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் வண்டி நிற்காமல் ஓடியது, நான் விழவில்லை, சுற்றுகள் குறைந்துகொண்டே வந்தன. அப்பா சொன்ன கோடு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மனசுக்குள் பாட்டுகூட வந்தது.

நீண்ட நேர்பாதை முடிந்து இடது வளைவுக்குள் நுழையும்போது ட்ராக் ஓரத்தில் ஒருவர் நின்றார். ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி, நல்ல மீசை. அவர் கையை என் பக்கம் நீட்டினார். கையில் ஒரு துணி இருந்தது. அது நீலமாகத்தான் இருந்தது, என் கண் அதைப் பார்க்கவும் பார்த்தது. ஆனால் செய்தி மூளைக்குப் போவதற்கு முன்னால் உடம்பு வேலையை முடித்துவிட்டது.

ஆக்ஸிலேட்டரை விட்டேன். இண்டிகேட்டரில் டேப் இருந்ததால் இடது கையை நீட்டி முறையாகச் சைகை காட்டினேன். ஓரத்துப் புல்லில் இறங்கினேன். வண்டியை நிறுத்தினேன், சைடு ஸ்டாண்டைப் போட்டேன், சாவியை எடுத்தேன். கை கழுத்து ஜிப்பைப் பாதிவரை இறக்கி உள்பையிலிருந்து கவரை உருவியது. என்னைவிட ஒரு சுற்று அதிகமாக ஓட்டிவிட்டு என் பின்னால் வந்துகொண்டிருந்த முதல் ஆளும் இரண்டாவது ஆளும் சர்ரென்று கடந்துபோனார்கள்.

மீசைக்காரர் ஓடிவந்தார். "ஏனுங்க அம்மிணி, வண்டி ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"இல்லீங்க சார்."

"ஒடம்பு ஏதாச்சும்?"

"இல்லீங்க சார். புக்கு, இன்சூரன்சு, பொகை எல்லாமே இருக்குதுங்க. நம்பர் பிளேட்டு அவுங்கதான் கழட்டச் சொன்னாங்க. கண்ணாடியும் அவுங்கதானுங்க."

கவரை நீட்டினேன். அவரும் ஏதோ ஒரு குழப்பத்தில் அதை வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "எல்லாமே செரியாத்தானுங்க இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. அவர் கையிலிருந்த நீலத் துணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அம்மிணி, நான் வழி உடத்தானுங்க காமிச்சேன்."

"தெரியுமுங்க சார்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மைக்கில் வர்ணனை சொல்பவர் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "நம்பர் நாப்பத்தேழு நின்னுட்டாங்க... வண்டியில ஏதோ கோளாறு போல... கொடி காட்டற மார்ஷல் போறாரு... என்னமோ எடுத்துக் குடுக்கறாங்க... பேப்பருங்களா அது?" ட்ராக் முழுக்க ஒலிபெருக்கி. அவர் குரல் கேட்காத மூலையே இல்லை.

மறுபடி கிளம்பலாம் என்று சாவியைப் போட்டேன். மீசைக்காரர் தடுத்தார். வளைவில் நின்ற வண்டியை ஓடும் ரேஸுக்குள் விடக்கூடாதாம், முடியும்வரை தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். ஆக, நான் நின்றது பாதியில்தான். கோடு அந்தப் பக்கம் தெரிந்தது. ஒவ்வொருவராக அதைத் தாண்டியதைப் புல்லில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணுக்குள் பொள்ளாச்சிச் சந்தையும் அங்கே கட்டியிருக்கும் செவலையும் அதன் பக்கத்தில் என் வண்டியும்தான் தெரிந்தன.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது அம்மா மட்டும் இருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"ஆபீசுல சண்டை போடறதுக்குப் போயிருக்கறாரு."

ஓடினேன். ரேஸ் அதிகாரிகள் உட்காரும் அறை வாசலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எதிரே தலைமை அதிகாரி, பேன்ட் சட்டை, கழுத்தில் அட்டை, நல்ல பொறுமைசாலி. ரெஜி நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். நான் திட்டு வாங்கத்தான் போனேன். ஆனால் அப்பா திட்டிக்கொண்டிருந்தது என்னை இல்லை.

"ஓடற மாட்டுக்குக் குறுக்க ஒருத்தன் வந்து துணியைக் காமிச்சா மாடு நிக்கத்தானுங்க செய்யும். அது மாட்டுக் குத்தம் இல்லீங்க. அப்புடி ஆயிப்போச்சுன்னா மறு ஓட்டம் உடோணுமுங்க. எங்க பக்கமெல்லாம் அதானுங்க நாயம்."

"ஐயா, இது ரேக்ளா இல்லீங்க."

"ரேஸுன்னுதானுங்க போர்டு வெச்சிருக்கறீங்க?"

"ரேஸுதானுங்க ஐயா."

"அப்பறம் என்னுங்க? மறு ஓட்டம் உடுங்க."

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு மேசையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, நாளைக்குக் காத்தால மறுபடியும் ஒரு ரேஸ் இருக்குதுங்க. உங்க பொண்ணு அதுல ஓட்டட்டும். போதுங்களா?"

"அதைத்தானுங்க நானும் கேட்டேன்" என்று அப்பா கும்பிடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரேஸ் என்பது முதலிலேயே அறிவித்திருந்ததுதான். எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ரெஜி என் காலை மிதித்தான். அவனுடைய பூட்ஸ் கனம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பா வெளியே வந்து பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டியை விற்பதைப் பற்றி அவரே ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். வைக்கோலை ஒரு கை எடுத்து முறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"செவலை நின்னுச்சல்ல, அன்னிக்கு ஒரு நாய் குறுக்க ஓடுச்சு கண்ணு. எல்லாருமே பார்த்தாங்க. மறு ஓட்டம் கேளுங்க, குடுத்துருவாங்கன்னு சொன்னாங்க. எனக்குத்தான் ரோசம். நம்ம மாடு நாயைப் பாத்து நிக்கறதான்னு கேக்காமயே வந்துட்டேன். அதை வாங்குனவன் மூணு வருசம் அதைய வெச்சு ஜெயிச்சான். ஒவ்வொருக்காலும் என்ற கண்ணு முன்னாலயே."

எனக்குத் தெரிந்து அப்பா தன் தவறு என்று ஒன்றைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அம்மா வந்து ஆளுக்கொரு இலையில் புளிச்சோறு வைத்தாள்.

மறுநாள் காலை ட்ராக்கில் என்னைத் தெரியாதவர் யாரும் இல்லை. வண்டியைச் சோதித்தவர், "புக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குத் தெரியாத ஒருவர் தன் லைசென்ஸை என்னிடம் காட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கு ஒரே மந்திரம். கை நீண்டால் நிற்காதே. கை நீண்டால் போ. யார் கை நீட்டினாலும் போ.

அதே வளைவில் அதே மீசைக்காரர். என் பின்னால் வேகமான ஆள் வந்திருக்கவேண்டும், கொடியைக் காட்டித்தான் ஆகவேண்டும். ஒரு கையால் நீலக் கொடியை நீட்டினார். மறு கையால், கோழியை விரட்டுகிற மாதிரி, போங்க போங்க போங்க என்று விசிறினார். அப்படி ஒரு சைகை எந்த ரேஸ் விதியிலும் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தாண்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் விசிறினார், நான் தாண்டினேன்.

கடைசியாகத்தான் வந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்து முடித்திருந்தார். ஆனால் கோட்டைத் தாண்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா, ரேக்ளாவில் வண்டியோடு ஓடுவதுபோல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து ஓடிவந்தார். துண்டை மேலே வீசினார், அது வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டது. நான் வந்து நின்றதும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து டயர்களின் மேல் ஊற்றினார். ஓடிவந்த காளைக்குக் கால் நனைப்பது அவர் வழக்கம். யார் தடுத்தும் கேட்கவில்லை.

வண்டியையும் என்னையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கதை இதோடு முடிந்திருக்கவேண்டும். மறுநாள் திங்கட்கிழமையாகப் போய்விட்டது.

காலையில் அவசர அவசரமாக நம்பர் பிளேட்டையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். ஹெட்லைட்டில் டேப் அப்படியே இருந்தது. நாற்பத்தேழும் இருந்தது. செக்போஸ்ட்டில் ஒரு கேரளப் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

நான் போனேன்.

சும்மாகூடப் போகவில்லை. டேங்க்கின் மேல் குனிந்து, முழங்கையை மடக்கி, லைன் மாறாமல் போனேன். விசில் சத்தம் கேட்டது. அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் தடுப்பை இழுத்து ரோட்டின் குறுக்கே போட்டபோதுதான் நான் ட்ராக்கில் இல்லை என்பது புரிந்தது. அவர் என்னை வண்டியோடு நடக்கவைத்துக் கேரளாவிடமே ஒப்படைத்தார்.

"எந்தா மோளே, கை காணிச்சது கண்டில்லே?" என்றார் முதலாமவர்.

"கண்டு சார்."

"பின்னே எந்தா நிறுத்தாஞ்ஞே?"

ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு உண்மையான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சொன்னால் குடித்திருக்கிறேனோ என்று வாயை ஊதச் சொல்வார்கள் என்று சும்மா இருந்தேன். அவர் ஹெட்லைட்டைப் பார்த்தார், நாற்பத்தேழைப் பார்த்தார். "புக்கும் பேப்பரும் எடுக்கு" என்றார்.

கை இடுப்புக்குப் போனது. கவர் இல்லை. அது ரெஜியின் தோல் அங்கிக்குள், எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பேப்பர் இல்லாமல் அந்த இடத்தைத் தாண்டாதவள் நான். போனில் காட்டலாம் என்று திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

சற்று நேரத்தில் மொபெட்டில் அப்பா வந்தார். பின்னால் கறுப்பாக ஓர் உருவம் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது. செக்போஸ்ட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்பை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் அங்கியையே தூக்கி வந்திருக்கிறார். விழாமல் இருக்க அதன் கைகள் இரண்டையும் தன் வயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தார்.

முடிச்சை அவிழ்த்துக் கவரை எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்பா நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அவர் தமிழில் சொன்னார், போலீஸ்காரர் மலையாளத்தில் கேட்டார், எங்கள் பக்கத்தில் அது ஒரு சிரமமே இல்லை. வழி விடச் சொன்ன இடத்தில் நான் நின்றதைச் சொல்லும்போதே அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அப்பா கையைக் கட்டிக்கொண்டு நியாயம் கேட்டார்.

"பழக்கம் மாறிப்போச்சுங்க சார். ஒரே ஒரு மறு ஓட்டம் உடுங்க. இந்த வாட்டி நிப்பா."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் அப்படிச் செய்தார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "செரி. திரிச்சு போயிட்டு வா" என்று கையைக் காட்டினார்.

நான் பனைமரத்து வளைவுவரை திரும்பிப் போனேன். அங்கிருந்து வந்தேன். அவர் ரோட்டின் நடுவில் நின்று கையை நீட்டினார். இடதுபக்கம் சைகை காட்டி, ஓரங்கட்டி, ஸ்டாண்டைப் போட்டு, சாவியை எடுத்து, புக்கும் பேப்பரும் கொடுத்தேன். "ஆ, எல்லாம் கறக்ட்" என்றார். ஹெட்லைட்டின் டேப்பை அவரே உரித்துக் கொடுத்தார். அப்பா ஓரமாக நின்று, காளை கோட்டைத் தாண்டியதுபோல் தலையை ஆட்டினார். நான் அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

வண்டி இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. நாலைந்து ரேஸ் ஓட்டிவிட்டேன், கடைசிக்கு முந்தின இடம்வரை முன்னேறியிருக்கிறேன். எங்கள் வீட்டில் தோசை கருகினால், "மறு ஓட்டம் உடு" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபியில் சர்க்கரை போட மறந்தபோது அம்மா சமையலறையிலிருந்து சொன்னதும் அதுதான். (மாப்பிள்ளை அர்த்தம் புரியாமல் எழுந்து நின்றார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு எல்லாம் தெரிந்துகொண்டார்.)

போன தை மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ரேக்ளா. அப்பாவின் புதுக் காளைகள் நன்றாகத்தான் கிளம்பின. பாதியில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் பறந்துவந்து இடது காளையின் முகத்தில் ஒட்டியது. நின்றுவிட்டது. கூட்டம் கத்தியது. அப்பா காளையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நேராகக் கமிட்டிப் பந்தலுக்கு நடந்தார்.

"மறு ஓட்டம் உடுங்க" என்றார்.

கமிட்டிக்காரர்கள் யோசித்தார்கள். பறந்துவந்தது பைதானே, ஆளோ நாயோ இல்லையே என்றார் ஒருவர். அப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ற பொண்ணுக்குக் கோயமுத்தூர்ல குடுத்தாங்க. அத்தனை பெரிய ரேஸு. அப்பறம் செக்போஸ்ட்டுல போலீசே குடுத்துச்சு. நீங்க குடுக்கறதுக்கு என்னுங்க?"

கொடுத்துவிட்டார்கள். காளைகளை மறுபடி தொடக்கத்துக்கு ஓட்டிப்போனார்கள். அப்பா தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பந்தல் நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா குனிந்து காதில் கேட்டாள்.

"அன்னிக்கு அந்த ரெண்டாவது ரேஸு எல்லாத்துக்குமே இருந்துதல்ல? நோட்டீசுலயே போட்டிருந்துது. நான் அப்பவே படிச்சேன்."

"ஆமாம்மா."

"சொல்லிப்போடலாமா?"

காளைகள் கிளம்பிவிட்டன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றோடு ஓட ஆரம்பித்தார்.

"வேண்டாம்மா" என்றேன்.